குவாரன்டைன் என்ற சொல்லின் பொருளும் பிறப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அகராதி ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது குவாரன்டைன் என்பதையே. அதற்கு முன் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் மட்டும் புழங்கிவந்த இந்தச் சொல் சில வாரங்களுக்குள் எல்லோர் வாயிலும் நுழைந்தது. ஆனால் சொல் பரவிய வேகத்துக்கு அதன் பொருள் பரவவில்லை. நோயாளியைத் தனியறையில் வைப்பதும், ஊரை அடைப்பதும், வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பதும் எல்லாம் குவாரன்டைன் என்றே சொல்லப்பட்டன. இந்தச் சொல்லைப் பற்றி மீண்டும் மீண்டும் எழுப்பப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது.

குவாரன்டைன் என்றால் சரியாக என்ன பொருள்?

தொற்றுநோய் ஒட்டியிருக்கக்கூடும் என்று ஐயப்படத் தக்க, ஆனால் நோய்க்குறி எதுவும் இன்னும் தென்படாத மனிதரையோ, விலங்கையோ, கப்பலையோ, சரக்கையோ, அந்த ஐயம் தீரும் வரை பிறரோடு கலக்கவிடாமல் ஒரு குறிப்பிட்ட காலம் தனியே நிறுத்திவைப்பதே குவாரன்டைன். அந்தச் செயலையும், அது நீடிக்கும் காலத்தையும், சில இடங்களில் அது நடக்கும் இடத்தையும் இந்த ஒரே சொல் குறிக்கிறது. ஐயம் இல்லாத இடத்தில் குவாரன்டைன் இல்லை. நோய் உறுதியான பிறகும் அது குவாரன்டைன் இல்லை. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் உள்ள காத்திருப்புக்குத்தான் அந்தப் பெயர்.

அப்படியானால் ஐசோலேஷன் என்பது வேறா?

வேறுதான். 2005-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகள் இரண்டையும் தனித்தனியே வரையறுக்கின்றன. நோயுற்றவரை, அல்லது நோய்க்கிருமி படிந்த பொருளை, மற்றவற்றிலிருந்து பிரித்துவைப்பது ஐசோலேஷன். நோயுறாத, ஆனால் ஐயத்துக்குரிய ஒருவரைப் பிரித்துவைப்பது குவாரன்டைன். ஒரு வீட்டில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து, சோதனையில் தொற்று உறுதியானால், அவரை மருத்துவமனையிலோ தனியறையிலோ வைப்பது ஐசோலேஷன். முந்தைய இரவு வரை அவரோடு ஒரே அறையில் உறங்கிய, இன்று எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும் தம்பியைச் சில நாள் வெளியே போகாமல் இருக்கச் சொல்வது குவாரன்டைன்.

இதைச் சொல்லாராய்ச்சியாளரின் நுணுக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, ஐயத்துக்குரியவரை நோயாளியோடு ஒரே கூடத்தில் அடைத்தால், அதுவரை தப்பியிருந்தவருக்கும் நோயை நாமே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும். வெனிஸ் நகரத்தார் இதை அறிந்திருந்தார்கள். தங்கள் காயல் தீவுகளில் ஒன்றில் 1423-இல் பிளேக் என்னும் கொள்ளைநோய் கண்டவர்களுக்கென ஒரு மருத்துவ விடுதியை நிறுவிய அவர்கள், 1468-இல் வேறொரு தீவை, நோய் உள்ளதோ என்று ஐயப்படத் தக்க கப்பல்களும் பயணிகளும் சரக்கும் காத்திருப்பதற்கென ஒதுக்கினார்கள். முன்னது பழைய லாசரெட்டோ என்றும், பின்னது புதிய லாசரெட்டோ என்றும் பெயர் பெற்றன. நோயாளிக்கு ஒரு தீவு, ஐயத்துக்குரியவருக்கு இன்னொரு தீவு. கிருமி என்ற கருத்தே இல்லாத காலத்தில் ஒரு வணிக நகரம் கண்டறிந்து நடைமுறைப்படுத்திய இந்தப் பிரிவினையை, இன்று நாம் பேச்சில் குழப்பிக்கொள்வது வருந்தத்தக்கது.

ஐசோலேஷன் என்ற சொல்லின் பிறப்பும் இங்கே கவனிக்கத் தக்கது. இத்தாலிய மொழியில் 'ஈசொலா' என்றால் தீவு. அதிலிருந்து வந்த 'தீவாக்கப்பட்ட' என்ற பொருள்படும் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஐசோலேட்டட் என்றும், பிறகு ஐசோலேஷன் என்றும் வளர்ந்தது.

குவாரன்டைன் எந்த மொழிச் சொல்? வேர் என்ன?

இத்தாலிய மொழியில் 'குவாராந்தா' என்றால் நாற்பது. வெனிஸ் வழக்கில் நாற்பது நாள் கொண்ட காலத்தைக் 'குவாரந்தேனா' என்றார்கள். அந்தச் சொல்லே இத்தாலிய, பிரெஞ்சு வடிவங்களின் வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து இன்றைய உருவத்தைப் பெற்றது. ஆகவே இந்தச் சொல்லில் நோயும் இல்லை, தனிமையும் இல்லை, தடையும் இல்லை. இருப்பதெல்லாம் ஓர் எண் மட்டுமே.

குவாராந்தாவுக்குத் தாய் லத்தீன் மொழியின் 'குவாத்ராகிந்தா'. அதன் முற்பகுதி நான்கைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் கால் பகுதியைக் குறிக்கும் குவார்ட்டர், சதுரத்தைக் குறிக்கும் ஸ்கொயர் ஆகியவையும் இதே லத்தீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. லத்தீனும் வடமொழியும் ஒரே மூதாதை மொழியிலிருந்து பிரிந்தவை என்பதால், வடமொழியில் நான்கைக் குறிக்கும் 'சதுர்' என்பதும் அந்த வேரின் கிளைதான். நாம் நாள்தோறும் சொல்லும் சதுரம் அங்கிருந்து வந்தது. குவாரன்டைனும் சதுரமும் தூரத்து உறவினர் என்பது முதலில் நம்ப முடியாததாகத் தோன்றினாலும், ஒலிமாற்றங்களை வரிசையாகத் தொடர்ந்தால் தடையின்றி வந்து சேரும் முடிவு அது.

மற்ற ஐரோப்பிய மொழிகளிலும் இதே சொல் சிறு மாற்றங்களோடு வழங்குகிறது. ஸ்பானிய மொழியில் 'குவாரெந்தேனா' என்பது மகப்பேற்றுக்குப் பின் தாய் ஓய்வெடுக்கும் நாற்பது நாளையும் குறிக்கும். பிரெஞ்சில் 'கரான்தேன்' என்றால் நோய்த்தடைக் காலம் என்றும், ஏறத்தாழ நாற்பது என்றும் இரு பொருள் உண்டு. அங்கே எண் இன்னும் மறையவில்லை.

இந்த வழக்கம் வெனிஸ் நகரில்தான் முதலில் தொடங்கியதா?

பெயர் வெனிஸ் நகரத்துடையது, ஆனால் ஏட்டில் பதிவான முதல் சட்டம் வேறோர் ஊருடையது. இன்று குரோவேஷியா நாட்டில் துப்ரோவ்னிக் என்று அழைக்கப்படும் துறைமுக நகரம், அந்நாளில் ரகூசா என்ற பெயரில் ஒரு கடல் வணிகக் குடியரசாக இருந்தது. 1347-இல் கருங்கடல் பக்கமிருந்து வந்த கப்பல்களோடு ஐரோப்பாவில் புகுந்த கொள்ளைநோய், சில ஆண்டுகளில் அந்தக் கண்டத்தின் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகும் அலையலையாகத் திரும்பி வந்தது. துறைமுகத்தை மூடினால் வணிகம் அழியும். திறந்து வைத்தால் ஊர் அழியும். இந்த இக்கட்டில் ரகூசாவின் பெருமன்றம் 1377 ஜூலை 27 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது.

நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர், மிர்கான் என்ற பாறைத்தீவிலோ அருகிலுள்ள சவ்தாத் என்ற ஊரிலோ ஒரு மாதம் தங்கிய பிறகே நகருக்குள் நுழையலாம் என்பது அந்த ஆணையின் சாரம். உள்ளூர்க்காரர் எவரும் அங்கே அவர்களைப் பார்க்கப் போகக் கூடாது. மன்றம் நியமித்தவர் தவிர வேறு யாரும் அவர்களுக்கு உணவு கொண்டுபோகக் கூடாது. மீறிப் போனால், போனவரும் அங்கேயே ஒரு மாதம் தங்க வேண்டும். தண்டனையே தடுப்பாகவும் அமையும்படி எழுதப்பட்ட இந்த விதி, சட்டம் இயற்றுவோர் இன்றும் படித்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

காலம் ஒரு மாதம் என்பதால் வரலாற்று நூல்கள் இந்த ஏற்பாட்டை, முப்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லை அடியாகக் கொண்டு, 'திரென்தீனா' என்று அழைக்கின்றன. அடுத்த நூற்றாண்டில் முப்பது நாற்பதாக வளர்ந்தது. முப்பதே நிலைத்திருந்தால் ஆங்கிலச் சொல்லும் வேறாக இருந்திருக்கும்.

முப்பது போதாது என்று நாற்பதைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

நாற்பது என்று ஏன் மாற்றினோம் என விளக்கும் ஆவணம் எதையும் அன்றைய ஆட்சியாளர்கள் விட்டுச்செல்லவில்லை. ஆனால் அந்த எண்ணுக்கு அவர்களிடையே இருந்த மதிப்பு தெளிவாகத் தெரிகிறது. விவிலியத்தில் பெருவெள்ள மழை நாற்பது பகலும் நாற்பது இரவும் பெய்தது. மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் இருந்தார். இயேசு பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார். அதை நினைவுகூரும் தவக்காலமும் நாற்பது நாள்தான். மகனைப் பெற்ற தாயின் தூய்மைக் காலத்தை லேவியராகமம் ஏழும் முப்பத்து மூன்றுமாகச் சேர்த்து நாற்பது நாள் என்று வகுக்கிறது. சோதனை, காத்திருப்பு, தூய்மையாதல் ஆகிய மூன்றும் அந்த எண்ணோடு பிணைந்திருந்தன.

மருத்துவத்திலும் அதற்கு ஆதரவு இருந்தது. கடுநோய்கள் நாற்பது நாளுக்குள் தம்மை வெளிக்காட்டிவிடும், அதற்கு மேல் நீடிப்பவை நாட்பட்ட நோய்கள் என்ற கருத்து, கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கிவந்த மரபில் வேரூன்றியிருந்தது. ஆக, நாற்பது நாள் என்று சொன்னபோது குருமாரும் மருத்துவரும் மறுக்கக் காரணம் இல்லை. மக்கள் பொறுத்துக்கொள்ளும் அளவும் அதுவாகவே இருந்தது. சமயத்தால் ஏற்கெனவே பழகிய ஒரு காலவரையைச் சட்டம் எடுத்துக்கொண்டது என்றே நான் கருதுகிறேன்.

உண்மையில் பிளேக் நோய்க்கு நாற்பது நாள் தேவையா?

மனிதர்களுக்கு மட்டும் என்றால் தேவையில்லை. நெறிகட்டும் பிளேக் நோயில் கிருமி உடலில் புகுந்த நாளிலிருந்து நோய்க்குறி தோன்றுவதற்கு ஒன்று முதல் ஏழு நாள் ஆகும். ஆனால் இது தெரியவர ஐந்து நூற்றாண்டுகள் ஆயின. அலெக்சாந்தர் யெர்சின் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டறிந்தது 1894-இல். எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக நோய் மனிதரை அடைகிறது என்று போல்-லூயி சிமோன் நிறுவியது 1898-இல். உணவில்லாமலும் சில வாரம் உயிர் பிழைக்கக்கூடிய தெள்ளுப்பூச்சி, துணிப் பொதிக்குள் ஒளிந்து பயணம் செய்யும் என்பதை வைத்துப் பார்த்தால், சரக்கைப் பொறுத்தவரை நீண்ட காத்திருப்பு வீண்போகவில்லை என்று சொல்லலாம். காரணம் தெரியாமலே அவர்கள் அந்தப் பொதிகளைப் பிரித்துக் காற்றாட வைத்தார்கள், நறுமணச் செடிகளை எரித்துப் புகை காட்டினார்கள். புதிய லாசரெட்டோ தீவிலுள்ள பெரும் கிடங்கின் சுவர்களில், அங்கே காத்திருந்த வணிகர்களும் சுமைக்காரர்களும் காவலர்களும் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிய எழுத்துகளையும் வரைந்த படங்களையும் இன்றும் காணலாம்.

லாசரெட்டோ என்ற பெயர் எப்படி வந்தது?

பழைய லாசரெட்டோ அமைந்த தீவில் நாசரேத்தின் மரியாளுக்குரிய தேவாலயம் இருந்தது. நாசரேத் என்பது நாசரெட்டோ ஆகி, தொழுநோயாளரின் காவலராகப் போற்றப்பட்ட லாசருவின் பெயரோடு கலந்து லாசரெட்டோ ஆனது. பிறகு நடுநிலக்கடல் துறைமுகங்களில் எழுந்த காத்திருப்பு விடுதிகளுக்கெல்லாம் அதுவே பொதுப்பெயராயிற்று.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் எப்போது நுழைந்தது? தொடக்கத்திலேயே நோயைக் குறித்ததா?

இல்லை. ஆங்கிலத்தில் இதன் முதல் வாழ்க்கைக்கும் நோய்க்கும் தொடர்பே கிடையாது. இயேசு நோன்பிருந்த பாலை இடத்துக்குப் பெயராக இது 15-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. எரிகோ நகருக்கு அருகிலுள்ள அந்த மலைக்கு லத்தீன் வழக்கில் குவாரந்தானியா என்று பெயர்.

இரண்டாவது பொருள் சட்டத்தைச் சேர்ந்தது, அது கைம்பெண்களைப் பற்றியது. இங்கிலாந்தில் 1215-இல் எழுதப்பட்ட மாக்னா கார்ட்டா சாசனத்தின் 7-ஆவது பிரிவு, கணவன் இறந்தபின் மனைவி நாற்பது நாள் அவன் வீட்டிலேயே தங்கியிருக்கலாம் என்றும், அந்த நாள்களுக்குள் அவளுக்குரிய சொத்துப்பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்றும் கூறுகிறது. இந்த நாற்பது நாள் உரிமைக்குச் சட்ட மொழியில் குவாரன்டைன் என்ற பெயர் வழங்கியது. இன்று வெளியேறக் கூடாது என்ற கட்டளையாக நாம் அறியும் சொல், அன்று ஒரு பெண்ணை யாரும் வெளியேற்றக் கூடாது என்ற பாதுகாப்பாக இருந்திருக்கிறது. இந்தச் சொல்லின் வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி இதுதான்.

நோய்த்தடை என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. 1710-இல், அன்னி அரசியின் ஆட்சியில், குவாரன்டைனுக்கெனவே பிரிட்டனில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

பதினான்கு நாள் குவாரன்டைன் என்று சொல்வது தவறா? நாற்பது நாள் இருந்தால்தானே அந்தப் பெயர் பொருந்தும்?

தவறில்லை. இந்தக் கேள்வியும் புதிதில்லை. ஆங்கிலேயக் கடற்படை நிர்வாகத்தில் பணியாற்றிய சாமுவேல் பெப்பீஸ், 1663 நவம்பர் 26 அன்று தம் நாட்குறிப்பில் இதையே எழுதியிருக்கிறார். ஆம்ஸ்டர்டாம் நகரில் பிளேக் பரவியதால், அங்கிருந்து வரும் கப்பல்கள் முப்பது நாள் குவாரன்டைன் இருக்க வேண்டும் என்று அரசு மன்றத்தின் ஆணை கூறியது. முப்பது நாள் என்பது அந்தச் சொல்லின் பொருளுக்கே மாறானது என்று குறிப்பிட்ட பெப்பீஸ், உடனே இன்னொன்றையும் சேர்த்தார்: பொது வழக்கில் அது இப்போது செயலைத்தான் குறிக்கிறது, அதற்கு ஆகும் காலத்தை அன்று. சொல்லின் உள்ளிருந்த எண் கழன்றுபோவதை அது நடக்கும்போதே கண்டு எழுதிவைத்த சான்று இது. இத்தகைய சான்று சொல் வரலாற்றில் அரிதாகவே கிடைக்கும்.

இன்று காலவரையைத் தீர்மானிப்பது அந்தந்த நோயின் நோயரும்பு காலம், அதாவது கிருமி உடலில் புகுந்ததிலிருந்து நோய்க்குறி தோன்றும் வரை ஆகும் காலம். கோவிட்-19 தொடங்கியபோது பதினான்கு நாள் விதிக்கப்பட்டதற்கும் அதுவே காரணம். 1969-இல் நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 விண்வெளி வீரர்களுக்கு மூன்று வாரம் விதிக்கப்பட்டது. அவர்களை மீட்ட கப்பலில், சக்கரமில்லாத ஊர்தி போன்ற ஓர் அடைப்புக்குள் அவர்கள் இருக்க, அமெரிக்க அதிபர் நிக்சன் கண்ணாடிச் சாளரத்துக்கு வெளியே நின்று பேசினார். ஆகஸ்ட் 10 அன்று அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். பிரிட்டனுக்குள் வரும் நாய்கள், வெறிநாய்க்கடி நோயைத் தடுப்பதற்காக, 2000-இல் விதி தளரும் வரை ஆறு மாதம் காத்திருந்தன. இவை எல்லாமே குவாரன்டைன்தான்.

மஞ்சள் கொடிக்கும் குவாரன்டைனுக்கும் என்ன தொடர்பு?

முற்காலத்தில் கப்பலில் மஞ்சள் கொடி பறந்தால் அங்கே தொற்று உண்டு, அல்லது அது தடைக்காவலில் இருக்கிறது என்று பொருள். இன்றைய பன்னாட்டுக் கொடிக் குறியீட்டில் தனி மஞ்சள் கொடி கியூ என்ற எழுத்துக்குரியது. ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது: எங்கள் கப்பலில் எல்லோரும் நலமாக உள்ளோம், கரையோடு தொடர்புகொள்ள அனுமதி கோருகிறோம் என்பதே இப்போது அதன் செய்தி.

அரசியலிலும் இந்தச் சொல் வருகிறதே, ஏன்?

1937 அக்டோபர் 5 அன்று சிகாகோவில் பேசிய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், நாடுகளுக்கிடையே பரவும் சட்டமீறலை ஒரு தொற்றுநோயாக உருவகித்து, அதைப் பரப்பும் நாடுகளைக் குவாரன்டைன் செய்ய வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். அதைவிடப் புகழ்பெற்றது 1962-இல் நடந்தது. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்படுவது தெரிந்ததும், அங்கே போர்க்கருவி ஏற்றிச் செல்லும் கப்பல்களைத் தடுக்கப்போவதாக அதிபர் கென்னடி அக்டோபர் 22 அன்று அறிவித்தார். பன்னாட்டுச் சட்டத்தில் கடல் முற்றுகை ஒரு போர்ச்செயல். ஆகவே முற்றுகை என்ற சொல்லைத் தவிர்த்துக் குவாரன்டைன் என்றே அவர் சொன்னார். நோயைத் தடுக்கும் தற்காலிகக் காவல் என்ற சாயல், அதே கப்பல்களுக்கும் அதே பீரங்கிகளுக்கும் போர் அல்ல என்ற பொருளைத் தந்தது. ஒரு சொல்லின் பழைய வாசனை ஓர் அரசின் முடிவுக்குத் துணைநின்றது இங்கே.

கணினியில் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் ஐயத்துக்குரிய கோப்பை அழிக்காமல் ஓரிடத்தில் பூட்டிவைப்பதையும் குவாரன்டைன் என்கிறார்கள். இந்தப் பயன்பாடு சொல்லின் நோய்த்தடைப் பொருளுக்கு மிக நெருக்கமானது. குற்றம் உறுதியாகவில்லை, விடுவிக்கவும் இல்லை என்ற நிலை அதில் அப்படியே இருக்கிறது.

லாக்டவுன் என்பதும் இதுவும் ஒன்றுதானே?

அல்ல. லாக்டவுன் ஊர் முழுவதற்குமானது. தொற்றுக்கு ஆளானவர், ஆகாதவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. குவாரன்டைன் எப்போதும் குறிப்பிட்ட ஓர் ஆளை, கப்பலை, பொருளைச் சுட்டுவது.

சரியான உச்சரிப்பு எது?

ஆங்கிலத்தில் சொல்லின் முதல் பகுதி அழுத்தம் பெறும். இறுதி 'டீன்' என்று ஒலிக்கும், 'டைன்' என்று அன்று. தமிழில் எழுத்தைப் பார்த்து ஒலித்ததால் குவாரன்டைன் என்று பரவிவிட்டது. ஆங்கிலம் பேசும்போது ஆங்கில ஒலியையும், தமிழில் எழுதும்போது நிலைத்துவிட்ட வடிவத்தையும் பயன்படுத்துவதில் தவறில்லை.

தமிழில் இதை எப்படி எழுதுவது?

செய்தித்தாள்களிலும் அரசு அறிவிப்புகளிலும் தனிமைப்படுத்தல் என்ற சொல்லே பெரிதும் வழங்குகிறது. அது நல்ல சொல்தான். ஆனால் ஐசோலேஷனுக்கும் அதையே எழுதுவதால், முன்பு சொன்ன இரண்டு தீவுகளும் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன. புதுச்சொல் ஒன்றை உருவாக்கி அது பரவும் வரை காத்திருப்பதைவிட, எழுதும் இடத்தில் யாரைத் தனிமைப்படுத்துகிறோம் என்பதையும் சேர்த்து எழுதுவது எளிது. 'தொற்று உறுதியானவர்கள் மருத்துவமனையில் தனிமைப்படுத்தப்பட்டனர். அவர்களோடு தொடர்பில் இருந்தவர்கள் கண்காணிப்புக்காக வீட்டிலேயே தனிமைப்படுத்தப்பட்டனர்' என்று எழுதினால் வாசகருக்கு எந்த மயக்கமும் வராது. நோய்த்தடுப்பு அறிவிப்புகளை எழுதுவோர் 'கண்காணிப்புக்காக' என்ற அந்த ஒரு சொல்லைத் தவறாமல் சேர்க்க வேண்டும். அதைப் படிக்கும் அக்கம்பக்கத்தார், அந்த வீட்டில் இருப்பவரை நோயாளி என்று எண்ணி ஒதுக்காமல் இருப்பதற்கு அது உதவும்.